சத்தியம் செய்யத்தக்க படம்

நம் மன்றத்தின் ஆண்டு மலருக்கு நிழற்படங்கள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. பொருள்: 'மலையில் விடியல்'. வேங்கடமலையின் அடிவாரத்தில் தங்கிப் படிக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பதரிது. தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டுவது இம்மலையைத்தான். தென் எல்லையாகச் சுட்டுவது குமரியை. குமரிக்குச் சென்றவர் எவரும் கதிரவன் எழுவதைக் காணாமல் திரும்புவதில்லை. வட எல்லையில் வாழும் நாமோ அவ்வேளையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். இந்த அறிவிப்பு நம்மில் நாலு பேரையாவது எழுப்பி உட்கார வைக்குமானால் அதுவே பெரிய நன்மை.

ஆனால், எந்தப் படத்தை ஏற்பது, எந்தப் படத்தைத் தள்ளுவது என்பதற்கு அறிவிப்பில் விதி ஒன்றும் இல்லை. அவ்விதி என்னவாக இருக்க வேண்டும் என்பது பற்றி என் கருத்தைக் கூறவே இக்கட்டுரை எழுதுகிறேன். சுருங்கச் சொன்னால், காணிப்பாக்கத்தில் நின்று சத்தியம் செய்யத்தக்க படத்தை மட்டுமே நாம் அச்சிட வேண்டும்.

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றங்கரையில் இருப்பது காணிப்பாக்கம். அங்குள்ள பிள்ளையார் கோயில் முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் எழுந்தது என்பர். பார்வையற்ற ஒருவர், பேச்சற்ற ஒருவர், செவிப்புலனற்ற ஒருவர் எனச் சகோதரர் மூவர் தம் காணியில் கிணற்றை ஆழப்படுத்தியபோது கல் ஒன்று தட்டுப்பட்டதென்றும், கிணற்று நீர் சிவந்ததென்றும், மூவரும் தம் குறை நீங்கப் பெற்றனரென்றும் தலவரலாறு கூறுகிறது. அக்கதையைவிட என்னை ஈர்ப்பது அவ்வூரைச் சுற்றி நிலவும் வழக்கம். கடனாயினும் களவாயினும் சொத்துத் தகராறாயினும், "காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்கிறாயா?" என்று கேட்டால் இவ்வட்டாரத்தில் பொய்யனுக்கு நா எழாது என்பார்கள். அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் அங்கே அழைப்பதும் உண்டு. நம் மன்றத்தில் கடவுளை நம்புவோரும் இருக்கிறோம், நம்பாதோரும் இருக்கிறோம். நான் பேச வந்தது பக்தி அன்று. ஒரு சொல்லுக்குப் பின்னால் அதற்குப் பொறுப்பேற்கும் ஆள் ஒருவன் நிற்க வேண்டும் என்ற நியாயத்தைத்தான் பேசுகிறேன். படத்துக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

இவ்விதி ஏன் இப்போது தேவைப்படுகிறது? கைப்பேசியில் 'பனி மூடிய மலை, சிவந்த வானம், எழுஞாயிறு' என்று தட்டினால், செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்துக்குள் விடியலொன்றைச் சமைத்துத் தந்துவிடுகிறது. அந்த விடியலில் மேகம் அளவாக இருக்கும். பறவைகள் வரிசையாகப் பறக்கும். கதிரவன் சரியான இடத்தில் நிற்பான். எந்த ஊரில், எந்த நாளில் விடிந்தது என்று கேட்டால் மட்டும் விடை இராது. உண்மையாக எடுத்த படத்திலும், மங்கிய வானத்தை நீக்கிவிட்டு வேறொரு வானத்தை ஒட்டும் வசதி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. அறையை விட்டு இறங்காதவனுடைய படமும், நாலு மணிக்கு எழுந்து நனைந்து நடுங்கி நின்றவளுடைய படமும் ஒரே மேசைக்கு வரும்போது, பளபளப்பில் முன்னதே வெல்லும். ஓராண்டு அப்படி வென்றுவிட்டால், அடுத்த ஆண்டு மலையேற யாருக்கு மனம் வரும்?

"ஒட்டு வேலை இன்று நேற்றுப் பிறந்ததா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 19ஆம் நூற்றாண்டில் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடுகளில் பலர் படம் எடுத்தார்கள். அத்தகடு நீல ஒளியை மிகுதியாக வாங்கும். மலையும் மரமும் பதியும்வரை லென்ஸைத் திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே மேகத்தை வேறொரு தகட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, அச்சிடும்போது வேண்டிய படத்தோடு சேர்த்தவர்கள் பலர். ஒரே மேகம் பல ஊர்களின் வானத்தில் மிதந்த காலம் அது! ஆயினும் ஒரு காலத்தில் பலர் செய்தார்கள் என்பதனால் செயல் நேர்மையாகிவிடாது. அவர்களுக்காவது கருவியின் குறை ஒரு காரணமாக இருந்தது. இன்றைய கருவிக்கு அக்குறை இல்லை.

நான் இழுக்கும் கோடு எளியது. ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும், கோணலை நிமிர்த்துவதும், ஓரத்தை வெட்டுவதும், வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவதும் கண் கண்டதைத் தாளில் தெளிவாக்கும் தொழில்கள். அவை இருக்கட்டும். அங்கே இல்லாத மேகத்தை வரவழைப்பதும், எழாத கதிரவனை எழுப்புவதும் அக்கோட்டுக்கு அப்பாற்பட்டவை. அப்படி ஆக்கியதை ஓவியம் என்று சொல்லி ஓவியப் பக்கத்துக்கு அனுப்பினால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

கடும் வானிலையில் மலையைப் படமெடுப்பது எத்தகைய உழைப்பு என்பதற்குச் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயரின் பயணங்கள் சான்று. 1863இல் இந்தியா வந்த அவர், 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மும்முறை இமயத்துக்குள் நெடும்பயணம் சென்றார். அக்காலத்து ஈரத்தகட்டு முறையில், கண்ணாடியில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, அதே சூட்டோடு இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவியாக வேண்டும். அதாவது, இருட்டறை முழுவதையும் மலைமேல் சுமந்து செல்ல வேண்டும். 1866இல் மணிரங் கணவாயில், ஏறக்குறைய 18,600 அடி உயரத்தில், விரல் விறைக்கும் குளிரில் இந்த வேலையையெல்லாம் செய்து அவர் படம் எடுத்தார். கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் கூடாரத்தையும் சுமந்தவர்கள் பல பத்துக் கூலியாட்கள். உலகம் போர்னின் பெயரை அறியும். சுமந்தவர்களின் பெயரை அறியாது. நம் மலரில் அத்தவறு நேரக்கூடாது. வழிகாட்டியவர், வண்டியோட்டியவர், குடை பிடித்தவர் பெயரும் அவர்கள் இசைந்தால் படத்தின் அடியில் வரட்டும்.

இனி, உண்மையாகக் காத்திருப்பவன் என்ன பெறுகிறான் என்று பார்ப்போம். முதலில், அவன் வானத்தைக் கற்கிறான். கதிரவன் கிழக்கே உதிக்கிறான் என்று முதல் வகுப்பில் படித்தோம். நேர் கிழக்கே அவன் உதிப்பது ஆண்டில் இரண்டே நாட்களில்தான். மார்கழித் தொடக்கத்தில் திருப்பதியில் அவன் எழுமிடம் நேர் கிழக்குக்குத் தெற்கே ஏறக்குறைய 24 பாகை விலகியிருக்கும். ஆனித் தொடக்கத்தில் வடக்கே அதே அளவு. தை மாதத்தில் 6 மணி 40 அளவில் எழுபவன், வைகாசியில் 5 மணி 45க்குள் எழுந்துவிடுகிறான். ஆகவே சென்ற ஆண்டு ஒருவன் பார்த்து வைத்த பாறையும் மரமும் இந்த ஆண்டு வேறு மாதத்தில் அவனுக்குப் பயன்படா.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பார்க்கும்போது அடிவானம் கீழே தாழ்ந்திருப்பதால், கிழக்கே தடையில்லாத இடத்தில் நிற்பவனுக்குச் சமவெளியில் நிற்பவனைவிட ஏறக்குறைய மூன்று நிமிடம் முன்னரே கதிரவன் தோன்றுவான். டார்ஜிலிங்கின் டைகர் ஹில்லில் நிற்பவர்கள் தங்கள்மேல் வெயில் படுவதற்கு முன்பே 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவின் முடி சிவப்பதைப் பார்ப்பதும் இதனால்தான். இன்னொரு வியப்பும் உண்டு. அடிவானத்தின்மேல் வட்டம் முழுதாக உட்கார்ந்திருப்பதாக நாம் காணும் அக்கணத்தில், உண்மையில் கதிரவன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறான். காற்று மண்டலம் ஒளியை வளைத்து அரைப்பாகை உயர்த்திக் காட்டுகிறது. இயற்கை செய்யும் இந்த மாயம் கணக்குக்கு அடங்கும், எவரும் சரிபார்க்கலாம். கைப்பேசி செய்யும் மாயத்தைச் சரிபார்க்க எங்கே போவது?

இரண்டாவதாக, அவன் வானிலையைக் கற்கிறான். நம் பகுதிக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலை தடுத்து மேலே தள்ளும்போது அது குளிர்ந்து மேகமாகிறது. கீழிருந்து பார்ப்பவனுக்கு அது மலையைச் சுற்றிய மேகம். உள்ளே நிற்பவனுக்கு அது மூடுபனி. இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. மழை விட்ட மறுநாள், வானம் தெளிந்து காற்றடங்கிய இரவில், தரை குளிர்ந்து பள்ளத்தில் பனி தேங்கும். அக்காலையில் உயரத்தில் நிற்பவன் மேகக் கடலுக்கு மேலே நிற்பான். ஆகவே கடுமழை பெய்யும் நாளில் ஏறுவதைவிட, மழை ஓய்ந்த மறுநாளுக்காகக் காத்திருப்பவனே அறிவாளி.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. பேருந்தில் நாம் தூங்கிக்கொண்டே கடக்கும் அவ்வூரில்தான் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. ஏறக்குறைய 130 மீட்டர் நீளமும் அகலமும் உள்ள திடலில் 1,024 ஆன்டெனாக்கள் நின்று, தலைக்குமேல் வீசும் காற்றை 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரால் அளக்கின்றன. மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் அறிவியலார் இரவும் பகலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விடியலைப் படமெடுக்கப் போகும் மாணவன் முந்திய இரவு வானிலை அறிக்கையைக்கூடப் பார்க்காமல் புறப்படலாமா?

கருவியைப் பற்றியும் ஒரு சொல். விலையுயர்ந்த காமிரா இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் எடுத்தால் எந்த லென்ஸிலும் நீர் படரும். பையைத் திறக்காமலே கால்மணி நேரம் வெளியே வைத்திருந்தால் அது நேராது. மழைக்கு ஒரு பாலிதீன் உறை, துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி, காற்றில் முக்காலி ஆடாமல் இருக்க அதன் நடுவில் தொங்கவிட ஒரு கனமான பை. பத்து ரூபாய் உறையும் பாட்டி புடவைத் துணியும் போதும்.

மூன்றாவதாக, அவன் திரும்பிப் பார்க்கக் கற்கிறான். இலங்கையின் சிவனொளிபாத மலை 2,243 மீட்டர் உயரமுள்ளது. இரவெல்லாம் படியேறி உச்சியில் நிற்கும் யாத்திரிகர்கள் கிழக்கே கதிரவனைக் கண்டு கைகூப்புவார்கள். அதே வேளையில் மேற்கே, பனிப்படலத்தின்மேல், மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக நீண்டு கிடக்கும். மலை அந்த வடிவில் இருப்பதனால் வருவதன்று அது; நேர்சாலை தொலைவில் குறுகித் தெரிவதுபோல, மிக நீண்ட நிழலும் தொலைவில் குவிந்து தெரிகிறது. கதிரவன் ஏற ஏறச் சிறிது நேரத்தில் நிழல் சுருங்கி மறையும். கிழக்கையே பார்த்து நின்றவன் அதைத் தவறவிடுவான். 'விடியல் படம் வேண்டும்' என்று ஏவப்பட்ட இயந்திரம் சிவந்த வட்டத்தை வரையும். முதுகுப்புறம் கிடக்கும் நிழலைத் திரும்பிப் பார்ப்பது மலைமேல் நின்ற மனிதன்தான்.

நண்பர்களே, இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு நாளைக்கே காட்டுக்குள் புறப்பட எண்ணுவோர் இருப்பின், சற்றுப் பொறுங்கள். கடும் வானிலை என்றவுடன் மழையும் பனியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மாசி, பங்குனியின் வறண்ட காற்று அவற்றினும் கொடியது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி. அதற்கும் மேலே ஏறக்குறைய 7,900 அடி உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். அங்கே மேகக் கடலின்மேல் கதிரவன் எழுவதைப் படமெடுக்கச் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் ஜீப்பில் வருவோர் ஏராளம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் இளைஞர், பலர் பெண்கள். அதன் பின்னரே தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில், முன்பதிவும் வழிகாட்டியும் கொண்ட 40 மலையேற்றப் பாதைகளை அரசு திறந்தது. அனுமதிச் சீட்டை வெறும் காகிதம் என்று இகழ்வோர், அக்காகிதத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் சேஷாசலக் காடும் வாழ்த்து அட்டையில் வரும் காடன்று. 2021 நவம்பர் வெள்ளத்தில் மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன. ஸ்ரீவாரி மெட்டுப் படிகள் சிதைந்து பல மாதங்கள் மூடிக் கிடந்தன. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தைக்குப் பலியானாள்; நடைபாதைக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. 2015 ஏப்ரல் 7இல், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்டு 20 பேர் இக்காட்டில் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். இத்தகைய காட்டில், இருள் பிரியுமுன் பாதையை விட்டு விலகி நடப்பது வீரமாகாது. அலிபிரியில் 3,550 படிகள் இருக்கின்றன; திறந்திருக்கும் நேரத்தில், பலரோடு சேர்ந்து, அப்படிகளில் ஏறினாலே வேண்டிய வானம் கிடைக்கும்.

இடிமின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே முக்காலியை மடக்கிக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியுமுன் வெளியே வரலாகாது. மொட்டைப் பாறைமேல் உலோக முக்காலியோடு நிற்பவனை மின்னலுக்கு அறிமுகம் செய்துவைக்க வேறொருவர் வேண்டுவதில்லை. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி மின்னல் எச்சரிக்கை தருகிறது. ஆயிரம் செயலி வைத்திருக்கும் நாம் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் மன்றத்தார் சிந்திக்க வேண்டும். விடியலைப் படமெடுக்க விடியுமுன் வெளியே செல்ல வேண்டும். விடுதி மாணவர்களுக்கு அது எளிது. மாணவியருக்கோ வாயிற்கதவு திறப்பதற்குள் கதிரவன் பனையளவு ஏறிவிடுகிறான். பாதிப் பேர் கலந்துகொள்ள முடியாத போட்டியை அனைவருக்கும் உரியது என்று அறிவிப்பது முறையா? மாணவியர் அறைக்குள்ளிருந்தே இயந்திரத்திடம் விடியலைக் கேட்டு வாங்கினால் குற்றம் யாருடையது?

ஆகவே மன்றத்துக்கு நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு படத்தின் அடியிலும் நாள், நேரம், இடம், வானிலை ஆகியவற்றை எடுத்தவர் தம் கையெழுத்தில் எழுதித் தர வேண்டும். கேட்டால் மூலப்படத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவது, அனுமதியில்லாத இடத்திலும் நேரத்திலும் எடுத்த படம் எவ்வளவு அழகாயினும் தள்ளப்பட வேண்டும். இல்லையேல் அடுத்தவனை அங்கே அனுப்பிய பழி நம்மைச் சேரும். மூன்றாவது, பருவத்துக்கு ஒருமுறையாவது மன்றமே முறைப்படி அனுமதி பெற்று, ஆசிரியர் துணையோடு, மாணவரும் மாணவியரும் சேர்ந்து செல்லும் விடியற்காலைப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டும். அது திருமலைப் படிகளாகவும் இருக்கலாம். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலையாகவும் இருக்கலாம். காணிப்பாக்கத்து வயல்வரப்பில் நின்று பார்க்கும் பாறைக்குன்றாகவும் இருக்கலாம்.

நான்காவது வேண்டுகோளே எனக்கு முதன்மையானது. சென்ற மார்கழியில் நான் ஏழு நாள் படியேறினேன். இரண்டு நாள்தான் கதிரவனைக் கண்டேன். மற்ற ஐந்து நாளும் பனி, தூறல், சாம்பல் நிற வானம். மலையில் விடியல் என்பது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. கதிரவன் தெரிந்தால்தான் விடியல் என்ற எண்ணம் இருக்கும்வரை, தெரியாத நாளில் அவனை ஒட்டவைக்கும் ஆசையும், தெரியும் இடத்தைத் தேடி ஆபத்தில் இறங்கும் ஆசையும் நம்மை விடா. இரண்டுக்கும் வேர் ஒன்றே. வெறுங்கையோடு திரும்பினால் தோல்வி என்ற அந்த எண்ணத்தை நம் மலர்தான் முதலில் கைவிட வேண்டும்.

ஆதலின், மேகம் மூடிய காலைப்பொழுது ஒன்றை எவரேனும் எடுத்து அனுப்பியிருந்தால், அதைத் தள்ளிவிடாதீர்கள். 'இன்று கதிரவன் தெரியவில்லை' என்று அடியில் அச்சிட்டு, மலரின் முதற் பக்கத்தில் போடுங்கள். அந்தப் படத்தை எடுத்தவர் காணிப்பாக்கத்துக்கு அஞ்சாமல் போகலாம்.